ஐம்பது என்னும் எண்

வீட்டில் விளக்கின் விசையைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் எங்கோ ஓரிடத்தில் நிரப்பி வைக்கப்பட்டிருந்து, நாம் திறந்தவுடன் வந்து சேர்கிறது என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. நெல்லைக் குதிரில் சேர்ப்பதுபோலவும், நீரை ஏரியில் தேக்குவதுபோலவும் நமது வீடுகளுக்கு வரும் மின்சாரத்தைக் கம்பிகளில் சேர்த்து வைக்க இயலாது. நாம் விசையைத் தட்டிய அதே கணத்தில், நூறு கல்லுக்கு அப்பால் சுழன்றுகொண்டிருக்கும் யந்திரம் ஒன்று தன் சுழற்சியில் அணுவளவை இழந்துதான் அந்த ஒளியை நமக்குத் தருகிறது.

நம் நாட்டில் மின்னோட்டம் வினாடிக்கு ஐம்பது முறை அலைகிறது. இன்று இதை ஐம்பது ஹெர்ட்ஸ் என்கிறார்கள்; எனக்குத் தொழில் கற்பித்த பெரியவர்கள் ஐம்பது சைக்கிள் என்பார்கள். இரு துருவங்களையுடைய நீராவி மின்னாக்கி நிமிஷத்துக்கு 3,000 முறை சுழன்றால் இந்த ஐம்பது கிடைக்கும். ஒரே வலையமைப்பில் இணைந்த எல்லா மின்னாக்கிகளும் தேர்வடத்தைப் பிடித்த கைகளைப் போல ஒரே கதியில்தான் செல்ல முடியும். தேவை மிகுந்தால் எல்லாம் சேர்ந்து தளர்கின்றன. தேவை குறைந்தால் எல்லாம் சேர்ந்து விரைகின்றன. ஆகவே ஐம்பது என்னும் எண், உற்பத்திக்கும் செலவுக்கும் இடையேயுள்ள கணக்கு நேராக இருக்கிறதா என்பதை ஒவ்வொரு வினாடியும் காட்டும் தராசு முள் எனலாம்.

அந்த முள்ளை நடுவில் நிறுத்துவதற்கு மனிதன் கண்ட வழிகளையும், அவ்வழிகளைக் கணித உருவில் எழுதிப் பார்க்க அவன் கற்றுக்கொண்ட வரலாற்றையுமே இன்று சொல்ல விரும்புகிறேன். இத்துறையில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில், அந்த வரலாற்றில் எனக்கு நேர்ந்த சிறு அனுபவம் ஒன்றையும் இடையே சொல்வேன்.

கதை மின்சாரத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1788-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி யந்திரத்தில் ஒரு கருவியைப் பொருத்தினார். அதற்குக் கவர்னர் என்று பெயர். மாளிகையில் வாழும் கவர்னரை நான் குறிப்பிடவில்லை. இந்தக் கவர்னருக்கு இரண்டு இரும்புக் குண்டுகளே உறுப்பு. யந்திரம் விரைந்தால் சுழலும் குண்டுகள் அகன்று உயரும், அவை உயர்ந்தால் நீராவி வரும் வாயில் குறுகும், யந்திரம் தளர்ந்தால் குண்டுகள் தாழும், வாயில் அகலும். காற்றாலைகளில் மாவரைக்கும் கற்களின் இடைவெளியைத் திருத்த இத்தகைய குண்டுகள் முன்னமே பயன்பட்டு வந்தன. வாட் அவற்றை நீராவிக்கு வேலை செய்ய அழைத்துக்கொண்டார்.

நூற்பாலை முதலாளிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் அம்மகிழ்ச்சி முழுமையாக நீடிக்கவில்லை. கருவியைச் செம்மையாகச் செய்யச் செய்ய, சில யந்திரங்கள் அமைதி கொள்வதற்குப் பதிலாக ஊஞ்சலாடத் தொடங்கின. வேகம் கூடும், கவர்னர் அளவுக்கு மீறி அடைக்கும். வேகம் குறையும், அளவுக்கு மீறித் திறக்கும். திருத்த வந்தவனே குழப்பத்துக்குக் காரணமாகும் இந்த விந்தைக்கு விளக்கம் தேடியவர்களுள் தலையாயவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1868-இல் அவர் லண்டன் ராயல் சங்கத்தில் வெளியிட்ட கட்டுரை, யந்திரத்தையும் கவர்னரையும் சேர்த்துச் சமன்பாடாக எழுதிற்று. யந்திரத்துக்கு ஏற்படும் தடுமாற்றம் நான்கு வகையில் நடந்துகொள்ளலாம் என்று அவர் பிரித்துக் காட்டினார். அது வளர்ந்துகொண்டே போகலாம், தேய்ந்துகொண்டே போகலாம், ஆடி ஆடி வளரலாம், ஆடி ஆடித் தேயலாம். தேய்கின்ற இரண்டுமே நமக்கு வேண்டியவை. எந்த யந்திரம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை, அதைச் செய்து ஓட்டிப் பார்க்காமலே சமன்பாட்டின் மூலங்களைக் கொண்டு அறியலாம் என்றார். பொறியியலில் மாதிரி என்று நாம் சொல்லும் கணித உருவத்தின் பயன் இந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கிவிடுகிறது.

மாக்ஸ்வெல் மற்றொரு வேறுபாட்டையும் கண்டார். ஒரு வகைக் கருவி வேகத்தின் பிழையைக் குறைக்கும், ஆனால் சிறிது பிழையை மிச்சம் வைக்கும். மற்றொரு வகை பிழை முற்றும் அழியும்வரை ஓயாது. முன்னதைத் தணிப்பான் என்றும், பின்னதையே உண்மையான கவர்னர் என்றும் அவர் பிரித்தார். இதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

கணிதம் அடுத்தபடியாகத் தண்ணீரிடம் வந்தது. சூரிச் நகரின் பேராசிரியர் ஔரெல் ஸ்டோடோலா நீர்ச்சுழலிகளின் கவர்னரை ஆராய்ந்தார். நீருக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. மலையிலிருந்து இறங்கும் நெடுங்குழாயின் வாயிலைத் திடீரெனத் திறந்தால், குழாய் முழுதும் நிற்கும் நீர்த்தம்பம் உடனே விரைவதில்லை. அதற்குள் வாயிலருகே அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே அதிக வேலை கேட்டுத் திறந்த முதற்கணத்தில் சுழலி முன்னிலும் குறைந்த வேலையையே செய்யும்! இத்தகைய யந்திரம் நிலைபெறுமா என்று அறியும் விதியைத் தம் சக பேராசிரியர் அடால்ஃப் ஹுர்விட்ஸிடம் ஸ்டோடோலா கேட்டார். 1895-இல் ஹுர்விட்ஸ் விடை தந்தார். அவ்விதி டாவோஸ் நகரின் சுழலி நிலையத்தில் உடனே பயன்பட்டது. இங்கிலாந்தில் எட்வர்ட் ரௌத் என்பார் 1877-லேயே இதற்கு நிகரான விதியைக் கண்டிருந்தார் என்பது சுவிட்சர்லாந்தில் இருந்த இவர்களுக்குத் தெரியாது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. நீலகிரியில் 1932-இல் பைக்காரா மின்நிலையம் தொடங்கப்பட்டபோது, ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்திலிருந்து நீர் குழாய்களில் இறங்கிப் பெல்டன் சக்கரங்களில் மோதிற்று. அவ்வளவு நெடுங்குழாயைப் பட்டென்று அடைத்தால் நீரின் அடியே குழாயை உடைத்துவிடும். ஆகவே பெல்டன் சக்கரத்தில் நீர்த்தாரையின் முன்னே ஒரு தகடு உண்டு. தேவை திடீரெனக் குறைந்தால் அத்தகடு உடனே குறுக்கிட்டுத் தாரையைச் சக்கரத்தினின்று விலக்கும். குழாயின் ஊசிவாயில் பின்னர் நிதானமாக மூடும். அவசரமும் நிதானமும் தத்தம் வேலையைப் பிரித்துக்கொண்ட அழகு அது.

1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் வந்தன. நிலையங்கள் கம்பிகளால் இணைக்கப்பட்டன. இணைந்தவுடன் ஒரு புதிய கேள்வி பிறந்துவிடும். இரண்டு யந்திரங்களும் பிழையைச் சிறிதும் பொறுக்காத கவர்னர்களைக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒன்றின் கணக்கில் ஐம்பது என்பது மற்றொன்றின் கணக்கில் ஐம்பதுக்கு மயிரிழை கூடுதலாக இருக்கும். ஒன்று சுமை முழுவதையும் தானே ஏற்க முயலும், மற்றது முழுவதையும் கைவிடும்; பின்னர் நிலை மாறும். இருவர் ஒரு பல்லக்கைச் சுமக்கையில் தத்தம் உயரமே சரியென்று பிடிவாதம் பிடித்தால் பல்லக்கின் கதி என்ன? இங்கேதான் மாக்ஸ்வெல் சொன்ன தணிப்பான் கைகொடுக்கிறது. வேகம் சிறிது குறைய ஒவ்வொரு யந்திரமும் தன் திறனுக்கு ஏற்ற பங்கைக் கூடுதலாகத் தர வேண்டும் என்று விதித்தார்கள். அந்தச் சிறு பிழை எல்லோருக்கும் பொதுவான செய்தியாகிறது. யாரும் யாரிடமும் பேசாமலே சுமை பகிரப்படுகிறது.

ஒரு கணக்கைக் காண்போம். ஆயிரம் மெகாவாட் திறனுள்ள வலையமைப்பு ஐம்பதில் ஓடுகிறது. அதில் சுழலும் உருளைகள் எல்லாம் சேர்ந்து, முழு உற்பத்தியை ஐந்து வினாடிகளுக்குத் தாங்கக்கூடிய ஆற்றலைத் தம்முள் கொண்டுள்ளன என்று வைத்துக்கொள்வோம். திடீரென நூறு மெகாவாட் சுமை கூடுகிறது. முதற்கணத்தில் அதைத் தருவது நிலக்கரியுமன்று, நீருமன்று, உருளைகளின் சுழற்சியே. அதிர்வெண் வினாடிக்கு அரை சைக்கிள் வீதம் விழத் தொடங்கும். தடுப்பாரின்றேல் நான்கே வினாடிகளில் 48-ஐத் தொடும். கவர்னர்கள் ஐந்து சதவிகிதச் சரிவில் அமைந்திருந்தால், அதாவது முழுச் சுமைக்கு இரண்டரை சைக்கிள் தாழ்வதென்றால், பத்தில் ஒரு பங்குச் சுமைக்குக் கால் சைக்கிள் தாழ்ந்து, சற்றே ஆடி, 49.75 அருகில் நிலைகொள்ளும். அங்கிருந்து ஐம்பதுக்கு ஏற்றுவது இரண்டாம் வேலை.

அந்த இரண்டாம் வேலைக்குத் தூண்டுகோல் ஒரு கடிகாரத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி வாரன், மின்னோட்டத்தின் அலைகளை எண்ணியே நேரங்காட்டும் கடிகாரத்தைச் செய்தார். கடிகாரத்தில் குற்றமில்லை, ஆயினும் நேரம் தவறிற்று. குற்றம் மின்நிலையத்தில் இருந்தது. நாள் முழுதும் அதிர்வெண் நூற்றுக்கு ஒன்று குறைந்திருந்தால் கடிகாரம் 14 நிமிஷத்துக்கு மேல் பின்தங்கும் அன்றோ! 1916-இல் வாரன் பாஸ்டன் நகரின் மின்நிலையத்தில் ஒரு தலைமைக் கடிகாரத்தை வைத்தார். அதன் ஒரு முள்ளை ஊசலும், மற்றொரு முள்ளை நிலையத்தின் மின்னோட்டமும் நடத்தின. இரு முட்களும் பிரியாதவாறு யந்திரத்தை நடத்துவதே பணியாளரின் கடமையாயிற்று. மாக்ஸ்வெல் பிழையை முற்றும் அழிப்பது என்று சொன்ன உண்மையான கவர்னர், இங்கே ஒரு மனிதனின் வடிவில் வந்தமர்ந்தது.

பின்னர் ஒரு நிறுவனத்தின் வலை மற்றொன்றுடன் இணைந்தது. அயலானிடம் குறை நேர்ந்தால் நாம் உதவ வேண்டும்; ஆனால் அவன் குறையை நிரந்தரமாக நாமே சுமக்கலாகாது. இதற்காக, அதிர்வெண்ணின் பிழையையும் எல்லைக் கம்பியில் ஓடும் மின்சாரத்தின் பிழையையும் கூட்டி ஒரே எண்ணாக்கி, அந்த எண் சுழியாகும்வரை அவரவர் தத்தம் உற்பத்தியைத் திருத்துவது என்ற ஏற்பாடு அமெரிக்காவில் உருப்பெற்றது. நேதன் கோன் என்ற பொறியாளர் இதை முறைப்படுத்தியவர்களுள் முக்கியமானவர். சார்லஸ் கான்கார்டியாவும் லியான் கிர்ச்மேயரும் 1950-களின் முற்பகுதியில் இரு வலைகளின் கணித மாதிரியைக் கட்டங்களாகவும் அம்புகளாகவும் வரைந்து ஆராய்ந்தனர். 1970-இல் ஓலே எல்ஜர்டும் சார்லஸ் ஃபோஷாவும், வழக்கிலுள்ள அளவுகளே சிறந்தவையா என்று அம்மாதிரியைக் கொண்டே வினவினார்கள். நடைமுறைப் பொறியாளர் எல்லோரும் அவர்கள் முடிவை ஏற்கவில்லை. எனினும் அவர்களது மாதிரியை ஒட்டி எண்ணற்ற ஆய்வுகள் எழுந்தன.

அவற்றைப் படித்தவர்களுள் நானும் ஒருவன். 1980-களின் இறுதியில் தென்னாட்டில் ஒரு சுமைப் பகிர்வு நிலையத்தில் இளம் பொறியாளனாக நான் சேர்ந்தேன். சுவரில் பழைய அதிர்வெண் மானி ஒன்று இருந்தது. அதில் வரிசையாக எஃகு நாக்குகள். எந்த எண்ணுக்குரிய நாக்கு அதிர்கிறதோ அதுவே அன்றைய நிலை. ஐம்பதுக்குரிய நாக்கு அதிர்ந்து நான் கண்ட மாலைகள் மிகச் சில. அக்காலத்தில் தென்மண்டலத்தில் உற்பத்தி குறைவு; தேவை மிகுதி. 48.5-க்கும் கீழே நீண்ட நேரம் ஓடுவது வாடிக்கையாகிவிட்டது. 48-ஐயும் விட்டு இன்னும் இறங்கினால் நீராவிச் சுழலிகளின் நீண்ட இறக்கைகள் அதிர்ந்து முறியும் அபாயம் உண்டு. ஆகவே தொலைபேசியை எடுத்து ஏதேனும் ஓர் ஊரை இருளில் ஆழ்த்துவது எங்கள் அன்றாட அலுவல்களில் ஒன்றாயிருந்தது.

ஒரு மார்ச் மாத மாலை. முள் 48.2-க்கு வந்துவிட்டது. நான் ஒரு துணை மின்நிலையத்தை அழைத்து ஒரு பாதையைத் திறக்கச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் வயதில் மூத்தவர். "ஐயா, நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இந்த ஒரு மணி நேரம் விட்டுவிடக் கூடாதா?" என்றார். நான் விடவில்லை, விட வழியுமில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் என் மேசையில் நான் எழுதிய கணக்கு இருந்தது. எங்கள் மண்டலத்தின் மாதிரியை நானே எழுதியிருந்தேன். அன்று நின்றுபோன ஒரு யந்திரத்தின் அளவுக்கு அதிர்வெண் இவ்வளவு விழுந்திருக்கவே கூடாது என்று அது அடித்துக் கூறியது.

மறுநாள் என் மேலதிகாரியிடம் கணக்கைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "சமன்பாட்டில் தவறில்லை தம்பி. கவர்னர்கள் வேலை செய்வதாக எழுதியிருக்கிறாய். அது மெய்தானா என்று போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார்.

சென்றேன். அந்த அனல்மின் நிலையத்தின் பெயர் வேண்டாம். கவர்னர் இருந்தது, எண்ணெய் பூசித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஆனால் லோடு லிமிட்டர் என்னும் பூட்டைத் திருகி, வாயில் அதற்கு மேல் திறவாதபடி செய்து வைத்திருந்தார்கள். அங்கிருந்த பொறியாளரைக் கடிந்துகொள்ளவே போனேன். அவர் சொன்னதைக் கேட்டபின் என் வாய் அடைத்துப்போயிற்று. "பகலில் 48, நள்ளிரவில் 51. நாள் முழுதும் இப்படி ஆடினால் என் வாயில்களும் ஆடிக்கொண்டே இருக்கும். கொதிகலனில் அழுத்தம் நிற்காது. மற்றவர்கள் எல்லோரும் பூட்டியிருக்க, நான் ஒருவன் திறந்து வைத்தால் எல்லோருடைய சுமையும் என் தலையில் அல்லவா வந்து விழும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமே. ஒவ்வொருவர் சொன்னதும் நியாயமே. கூட்டிப் பார்த்தால் மட்டும் அநியாயமாயிற்று. என் மாதிரியில் ஐந்து சதவிகிதம் என்று நான் எழுதிய எண், இயற்கையின் விதி அன்று. நூறு பேர் ஒருவருக்கொருவர் தந்திருக்க வேண்டிய வாக்கு. ஈர்ப்பு விசை வாக்குத் தவறாது, மனிதன் தவறுவான். இந்த வேறுபாட்டை எந்தப் பாடநூலும் எனக்குக் கற்பிக்கவில்லை. பரீட்சைப் பிள்ளைகளின் இருட்டு கற்பித்தது.

மருந்து எங்கிருந்து வந்தது என்பதுதான் வியப்பு. அது புதிய யந்திரத்திலிருந்து வரவில்லை, விலைப்பட்டியலிலிருந்து வந்தது. 2002-ஆம் ஆண்டு ஜூலையில் மேற்கு மண்டலத்திலும், 2003 ஜனவரியில் தென்மண்டலத்திலும் ஒரு புதிய கட்டணமுறை நடைமுறைக்கு வந்தது. ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் ஒரு மாநிலம் எடுத்தால், அந்தக் கால்மணி நேரத்து அதிர்வெண்ணுக்கு ஏற்ப அதன் விலை ஏறும். தொடக்க காலத்தில் 50.5-க்கு மேல் விலை சுழி; 49.02-க்குக் கீழே யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு. பற்றாக்குறை நேரத்தில் அதிகம் எடுத்தவன் அதற்குரிய விலையைச் செலுத்தினான். கூடுதலாகத் தந்தவன் அதே விலையைப் பெற்றான். சில மாதங்களுக்குள் எங்கள் அதிர்வெண் மானியில் நெடுங்காலம் ஓய்ந்திருந்த நாக்குகள் அதிரத் தொடங்கின. அம்முறையின் பெயரும் விதிகளும் 2014-இல் மாறின. எனினும் அது கற்பித்த ஒழுங்கு மாறவில்லை.

ஒழுங்கு முழுமையடைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். 2012 ஜூலை 30-லும் 31-லும் வட இந்திய வலை அடுத்தடுத்துச் சரிந்தது. இரண்டாம் நாள் 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு மின்சாரம் இழந்தது. அதிர்வெண் விழும்போது தாமே சுமையை நீக்க வேண்டிய கருவிகள் பல இடங்களில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஏட்டில் இருந்த பாதுகாப்பு களத்தில் இல்லை. என் பழைய பாடம் நாடளவில் மீண்டும் எழுதப்பட்டது. தென்னாடு அன்று நேர்மின்னோட்டக் கம்பிகளால் மட்டும் இணைந்திருந்தமையால் தப்பிற்று. 2013 டிசம்பர் 31-இல் ரெய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியே தென்மண்டலமும் இணைந்து, நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் சுழலத் தொடங்கியது. எல்லைப் பிழையையும் அதிர்வெண் பிழையையும் தானே திருத்தும் இரண்டாம் நிலைக் கட்டுப்பாடு, 2018-இன் தொடக்கத்தில் தாத்ரி அனல்மின் நிலையத்தில் வெள்ளோட்டமாக வந்தது.

2020 ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு ஒன்பது மணியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒன்பது நிமிஷம் விளக்கணைக்குமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். சுமார் 12,000 அல்லது 13,000 மெகாவாட் குறையும் என்று பொறியாளர் மதிப்பிட்டனர். குறைந்ததோ ஏறத்தாழ 31,000! மாதிரி கருதியதைவிட மக்கள் இருமடங்குக்கு மேல் செய்துவிட்டார்கள். எனினும் நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஏற்றி வைத்து, வேண்டிய கணத்தில் இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையே நின்றது. ஓய்வுபெற்ற நான் இருட்டில் அமர்ந்து அந்த எண்களைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டிய கவர்னரைக் கண்ட அந்த நாள் நினைவுக்கு வந்தது, கண் கலங்கிற்று.

இனி வருவது வேறொரு சோதனை. காற்றாலையும் சூரியத் தகடும் மின்னணுக் கருவிகளின் வழியே இணைகின்றன. முதற்கணத்தில் தாங்கும் கனத்த உருளைகள் அவற்றினிடம் அப்படியே இல்லை. 2019 ஆகஸ்ட் 9-இல் பிரிட்டனில் மின்னல் தாக்கியதைத் தொடர்ந்து நிலையங்கள் விலக, ஆங்காங்கே சிதறிக் கிடந்த சிறு உற்பத்தியாளர்களும் விலகினர், அதிர்வெண் 48.8-க்கு விழுந்து, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. நொடிப்பொழுதில் விடையளிக்கும் பெரிய மின்கல அடுக்குகள் இக்குறையை ஈடுசெய்ய வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் சமன்பாடு எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள்.

எழுதுகின்ற இளைஞர்களுக்கு இந்தக் கிழவன் சொல்ல விரும்புவது ஒன்றே. உங்கள் கட்டங்களையும் அம்புகளையும் வரைந்து முடித்தபின், ஒருமுறை நிலையத்துக்குப் போய்ப் பூட்டு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது என்பது எந்த ஒரு நிலையத்துக்கும் சொந்தமான எண் அன்று. அதைக் காப்பவர் எல்லோரும். அது தவறினால் இருட்டில் அமர்வது, அதற்குச் சிறிதும் காரணமல்லாத யாரோ ஒரு பிள்ளை.